பழைய கிறிஸ்துமஸால் புதிய கிறிஸ்துமஸைக் கெடுப்பது எப்படி?

வாழ்த்துகள். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஆன்லைனில் வரவழைத்த நட்சத்திரம் மாடியில் மினுக்குகிறது. மனைவி பிரியாணிக்குத் தலை எண்ணிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கப்போகும் அறிகுறிகள் தெரிகின்றன. உடனே கவனிக்க வேண்டும்.

பயப்படாதீர்கள், செலவே இல்லை. உங்கள் குழந்தைப் பருவம் ஒன்று போதும்.

இந்தப் பயிற்சி செவ்வாப்பேட்டையை மனதில் வைத்துத் தயாரித்தது. தகுதிகள்: ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ, பெரம்பூர் ஐ.சி.எஃப்.பிலோ, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ வேலை பார்த்த அப்பா. அவர் லோன் போட்டு வாங்கிய மனை. வயலாக இருந்து ‘நகர்’ ஆகிவிட்ட தெரு. நாற்பத்தைந்தைத் தாண்டிய நீங்கள். வேப்பம்பட்டு, புட்லூர்க்காரர்கள் அப்படியே பின்பற்றலாம். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ரயில் பாதையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் பாதியை நீங்கள் வருஷா வருஷம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். இனி முறையாகச் செய்யலாம்.

1. சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்

பையன் நட்சத்திரத்துக்குச் சுவிட்ச் போடுவான். எரிந்ததும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். “இதெல்லாம் ஒரு ஸ்டாராடா?”

பிறகு நிதானமாக விவரியுங்கள். மூங்கிலைப் பிளந்து சீவி, முனைகளை நூலால் இறுக்கி, ஐந்து முனைச் சட்டம் இரண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்டி, நடுவில் சின்னக் குச்சிகளை நிறுத்தினால் வயிறு புடைத்துக்கொள்ளும். மேலே காத்தாடித் தாள். ஒட்டுவதற்கு மைதாப் பசை. உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு. எல்லாம் நீங்களே செய்ததாகச் சொல்லுங்கள். செய்தவர் பெரியப்பா வீட்டு அண்ணன். நீங்கள் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், அதையும் ஒரு தடவை கவிழ்த்தீர்கள். மழையில் தாள் ஊறிக் கிழிந்து, கிறிஸ்துமஸ் வருவதற்குள் வெறும் எலும்புக்கூடு தொங்கியதையும் விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. “சூப்பர்ப்பா, நாமளும் ஒண்ணு செய்யலாமா?” என்று பையன் கேட்டுவிடலாம். நல்ல நல்ல பயிற்சியாளர்களே இந்த இடத்தில் சறுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பசை பூசியிருக்கிறார்கள். நீங்கள் பெருமூச்சு விடுங்கள். “அந்தப் பேப்பரெல்லாம் இப்ப எங்கடா கிடைக்குது?” பாரிமுனையில் கிடைக்கிறது. லோக்கல் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அந்தத் தகவல் உங்களோடு இருக்கட்டும்.

2. வருஷத்தைச் சொல்லாதீர்கள்

“அப்பல்லாம்” என்றால் போதும். வருஷம் சொன்னால் பிள்ளைகள் செல்போனில் தட்டிப் பார்த்துவிடுவார்கள்.

வாய் தவறி 1987 என்று சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த டிசம்பர் 24 விடிவதற்குள் எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார். கடைகள் மூடின, சில கடைகள் சூறையாடப்பட்டன, பஸ் நின்றது. மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, மெரினாவில் அடக்கம். உங்கள் புதுச் சட்டை தையற்கடை ஷட்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கேக்குக்கு முட்டை கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அப்பாவும் வாசலில் நின்று அழுதார்கள். அப்பா அழுது நீங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நல்ல கதை. அதனால்தான் சொல்லக் கூடாது. நிஜமாக நடந்தது ஒன்று நுழைந்துவிட்டால் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். தாத்தா ஏன் அழுதார், நீ என்ன சட்டை போட்டுக்கிட்ட, கோவிலுக்கு எப்படிப் போனீங்க என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். நீங்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். பேச்சு வளர்ந்தால் பயிற்சி கெட்டது. நமக்குத் தேவை ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகு ஒரு மௌனம். ஆகவே 86, 87, 88 மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டி, புதுச் சட்டையோடு நீங்கள் நடுவில் நிற்கும் ஒரே கிறிஸ்துமஸாக இறக்குங்கள்.

3. குளிரைக் கூட்டுங்கள்

நம் ஊர் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தவணை. தெருமுனையில் தேங்கிய தண்ணீர், காயாத துணி, கொசு. இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் மஃப்ளர் தேடுகிற ஜனங்கள் நாம். இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் நினைவு செய்ய முடியாது. பனி வேண்டும்.

பனிக்குத்தான் கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்திய சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டினீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சவுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று கடலோர மணலில் தோப்புத் தோப்பாக நட்ட மரம் அது. பைன் மரத்துக்கு ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது. பனியின் பூர்விகம் இன்னும் வேடிக்கை. சார்லஸ் டிக்கன்ஸ் பிறந்தது 1812இல். இங்கிலாந்தில் அது கடுங்குளிர்ப் பத்தாண்டு. சின்ன வயதில் பார்த்த பனியை அவர் பெரியவரானதும் கதைகளில் கொட்டினார்; ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843இல் வந்தது. அதே 1843இல் லண்டனில் முதல் கிறிஸ்துமஸ் அட்டையும் அச்சானது. பின்னாலேயே பனி வீடும் பனி வண்டியுமாக அட்டைகள் வந்தன. அவை கப்பலேறி, பாரிமுனையில் இறங்கி, உங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகப்பட்டு, கடைசியில் சவுக்குக் கிளையில் பஞ்சாக ஒட்டிக்கொண்டன.

ஆக, உங்கள் பால்யத்தின் பனி டிக்கன்ஸ் வீட்டுப் பையனுடையது. இரவல் நகை என்று தெரிந்தால் மதிப்புக் குறையும். கமுக்கமாக இருந்துவிடுங்கள்.

உங்களுடையது என்று ஒன்று இருந்தது: குடில். பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்து, அதில் காவியும் நீலமும் தெளித்து, தேங்காய்ச் சிரட்டையில் பத்து நாள் முன்னால் கேழ்வரகு விதைத்து, அது முளைத்ததும் புல்வெளியாக நிறுத்தி வைத்தீர்கள். கால் உடைந்த மண் ஆட்டுக்குத் தீக்குச்சி முட்டுக்கொடுத்தீர்கள். ராஜாக்கள் மூன்று பேருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் புலி நின்றது. மாட்டுக் கொட்டகைக்கு மேலே நூலில் ஒரு ஹெலிகாப்டர் தொங்கியது. பெத்லகேமுக்கு ஹெலிகாப்டர் எதற்கு என்று பங்குச் சாமியார் கேட்டபோது, “ஏரோது ராஜாவோடது” என்று தம்பி சொன்னான்.

இதைச் சொல்லிவிடாதீர்கள். சிரித்துவிடுவார்கள்.

4. “காசு இல்ல, ஆனா சந்தோஷம் இருந்துச்சு”

இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று பழகுங்கள். ‘ஆனா’வுக்கு அப்புறம் லேசாக நிறுத்த வேண்டும். எப்போது சொல்வது என்பதில்தான் சூட்சுமம். மகள் கேட்டதை வாங்கித் தராமல் சொன்னால் கஞ்சன் என்பார்கள். வாங்கித் தந்துவிட்டு, அவள் பெட்டியைப் பிரிக்கும்போது சொல்லுங்கள். பிறகு அந்தப் பொருள் காலத்துக்கும் உறுத்தும்.

காசு ஏன் இல்லை என்ற கணக்குக்குள் மட்டும் போய்விடாதீர்கள். போனால் இப்படி இருக்கும்: இந்தப் பக்கத்து ஆலைகளில் போனஸ் தீபாவளிக்கு வரும். ரயில்வேயில் ஆயுதபூஜைக்கு முன்பே வந்துவிடும். கிறிஸ்தவ வீட்டுக்கும் அதே தேதிதான். அக்டோபரில் வந்த பணம் டிசம்பர் வரை உயிரோடு இருக்க வேண்டுமென்றால், ஸ்கூல் ஃபீஸையும், ஒழுகும் கூரையையும், ஊரே வெடிக்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற உங்களுக்காக வாங்கிய ஒரு பெட்டி மத்தாப்பையும் தாண்டி வர வேண்டும். தாண்டி வந்ததில்லை. அதனால் அப்பா பண்டிகை முன்பணத்துக்கு எழுதிப் போடுவார். வட்டி கிடையாது, பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். டிசம்பரில் நீங்கள் போட்ட சட்டைக்கு அடுத்த அக்டோபர் வரை பிடித்தம். பிடித்தம் முடிகிறபோது சட்டை உங்களுக்குப் பத்தாமல் போயிருக்கும், அவர் மறுபடி விண்ணப்பம் எழுத உட்கார்ந்திருப்பார். (ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசு இந்த முன்பணத்தை நிறுத்திவிட்டது. 2020இல் ஒரே ஒரு தடவை 10,000 ரூபாயாகத் தலைகாட்டியது, அதே பத்துத் தவணையோடு.)

அப்பாவின் சம்பளச் சீட்டுகள் பரணில் தகரப் பெட்டிக்குள் நூல் கட்டி இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போது கண்ணில் படும். திறக்காமல் நகர்த்தி வையுங்கள். பிடித்தம் என்ற இடத்தில் அவருடைய கிறிஸ்துமஸ்கள் மாசாமாசம் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வந்து, அந்த வாக்கியத்தை அதே நிறுத்தத்தோடு சொல்வது ரொம்பக் கஷ்டம்.

துணி விஷயத்தில் தாராளமாகப் பேசலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரே பீஸாக எடுத்த கட்டம் போட்ட துணி. அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் அதே சட்டை, மிச்சத்தில் தலையணை உறை. கட்டத்தின் நிறம், பொத்தானின் நிறம், தையற்காரர் 24ஆம் தேதி ராத்திரி கடைசி நிமிஷத்தில் கொடுத்தது, புதுத் துணியின் கஞ்சி வாசனை எல்லாம் உங்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அம்மா அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தார் என்று யாராவது கேட்டால் இருமல் வரட்டும். எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள்.

5. கல்கல்

பயிற்சியின் மையமே இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால். பிசைந்த மாவில் கோலிக்குண்டு அளவு கிள்ளி, புதுச் சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், முதுகில் வரி விழுந்து தானாகச் சுருண்டுகொள்ளும். எண்ணெயில் போட்டுப் பொன்னிறத்தில் எடுக்க வேண்டும். இவ்வளவையும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். “வீடே வட்டமா உட்கார்ந்து உருட்டும்!”

உட்கார்ந்தது நிஜம். எவ்வளவு நேரம்? நீங்கள் உருட்டியது ஒரு தட்டு. பிறகு மாவை எடுத்து அண்ணன் மேல் அடித்தீர்கள், அத்தை சீப்பை ஓங்கினார், தெருவுக்கு ஓடிவிட்டீர்கள். குண்டானில் மிச்சமிருந்த மாவைப் பற்றிய காட்சி உங்கள் நினைவில் இல்லை. இருக்கவும் கூடாது. அதை அம்மாவும் அத்தையும் உருட்டினார்கள். பம்ப் ஸ்டவ்வில் பொரித்தார்கள். மண்ணெண்ணெய் ரேஷன் என்பதால் அடுப்பை நடுவில் அணைத்து அணைத்து ஏற்ற முடியாது, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கல்கல் முடிந்ததும் முறுக்கு. முறுக்கு முடிந்ததும், அலுமினியக் குண்டானில் மணல் பரப்பி, மூடிமேல் கங்கு போட்டுக் கேக். அந்த எண்ணெயும் சர்க்கரையும் அத்தையின் டீச்சர் சம்பளத்தில் வந்தவை. அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்விக்கும் இந்தச் சம்பளத்துக்கும் சம்பந்தம் உண்டு. அது பெரியவர்கள் விஷயம். நீங்கள் ஐம்பதைத் தொடப்போகிறவர், இன்னும் சின்னப்பிள்ளை.

அன்று நள்ளிரவுப் பூசையில், பிரசங்கத்தின்போது அம்மா தூங்கிவிட்டார். குறட்டை கேட்டு முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நீங்களும் அண்ணனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். இதைத் தவறாமல் வருஷா வருஷம் சொல்லுங்கள். “உங்க பாட்டி பூசையில குறட்டை விட்டாங்கடா!” எல்லோரும் சிரிப்பார்கள், பாட்டியும் சிரிப்பார். ஏன் தூங்கினார் என்பது வரை போக வேண்டாம்.

இப்போது மனைவியிடம் வாருங்கள். அவர் அம்பத்தூரில் வேலை முடித்து, நிற்க இடமில்லாத திருவள்ளூர் லோக்கலில் வந்து இறங்கி, ரயில்வே கேட்டில் காத்திருந்து, வழியில் பேக்கரியில் ஒரு பாக்கெட் கல்கல் வாங்கி வந்திருக்கிறார். பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்கும். காத்திருங்கள். ஒன்றை எடுத்து வாயில் போடுங்கள். மெல்லுங்கள். ஜன்னலைப் பாருங்கள். “எங்க வீட்டுல இதையெல்லாம் கடையில வாங்குனதே இல்ல.”

அவர் கோபப்பட்டால் பண்டிகை கெட்டது. கோபப்படாமல் ராத்திரி மாவு பிசைய உட்கார்ந்தால் இன்னும் நன்றாகக் கெட்டது. எப்படியும் உங்களுக்கே வெற்றி. “சரி, நான் பிசையுறேன், நீங்க உருட்டுங்க” என்று அவர் சொல்லிவிட்டால் மட்டும் முழங்கால் வலியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. சீப்பைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள டாக்டர் தடை சொல்லவில்லை. ஸ்டேட்டஸில் போடுங்கள்: “பாரம்பரியம்.”

6. தட்டு

தீபாவளிக்குத் தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்குத் தட்டு வரும். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும். கேக் துண்டு, முறுக்கு, கல்கல், மேலே லேஸ் துணி. வீடு வீடாகக் கொண்டுபோவது உங்கள் வேலை. தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதால் ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ வைத்துத் தருவார்கள். கேக்கில் முட்டை உண்டா என்று கேட்ட மாமிக்கு அம்மா தனியாக ரவா லட்டு செய்து வைத்திருப்பார்.

“ஜாதி மதம் பாக்காம இருந்தோம்” என்று உருகிச் சொல்லுங்கள். அப்படியே எதிர்வீட்டில் போன வருஷம் குடிவந்தவர்களின் பெயர் என்ன என்று யாரும் கேட்காதபடி பேச்சை நகர்த்துங்கள். மனைவி இரண்டு தட்டு எடுத்து வைத்தால், “இப்பல்லாம் யாரு சாப்பிடுறாங்க, எல்லாருக்கும் சுகர்” என்று தடுத்துவிடுங்கள்.

7. ஊருக்குப் போனதை உருக்கமாகச் சொல்லுங்கள்

சில வருஷம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போவீர்கள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி, ஜன்னல் வழியாக உங்களை உள்ளே தள்ளிவிட்ட மாமா, கக்கூஸ் பக்கத்தில் துண்டு விரித்துப் படுத்தது. ஆச்சி வீட்டில் முப்பது பேர். திண்ணையில் வரிசையாகப் பாய். கிணற்றடியில் பல் தேய்ப்பு. இதெல்லாம் அற்புதமான சரக்கு, விட்டுவைக்காமல் அள்ளுங்கள்.

அள்ளும்போது சிலவற்றைச் சலித்து எடுத்துவிட வேண்டும். சின்னச் சித்தப்பா பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டு, கிறிஸ்துமஸே பைபிளில் இல்லை என்று நட்சத்திரத்தை இறக்கச் சொன்னது. பெரியப்பாவும் அப்பாவும் வடக்கு வயலுக்காக 25ஆம் தேதி மத்தியானம், கறிச் சோற்று இலைக்கு முன்னால் எழுந்து நின்று கத்தியது. அதற்குப் பிறகு அந்தத் திண்ணையில் முப்பது பேர் என்றைக்கும் படுக்கவில்லை என்பது. நட்சத்திரம் செய்து தந்த பெரியப்பா மகன் அண்ணனோடு இன்றைக்கு உங்கள் உறவு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு பூங்கொத்துப் படம் மட்டுமே என்பதும் வேண்டாம்.

கோவிலையும் சலிக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கேரல் ரவுண்ட்ஸ் பெட்ரோமாக்ஸோடு எந்தத் தெரு வரை போய்த் திரும்பியது என்பதும் தெரியும். உங்கள் ஊர்ப் பக்கத்து வடக்கன்குளத்தில், ஜாதிக்கு ஒரு பக்கமாகக் கோவிலையே இரண்டு கால் வைத்துக் கட்டி, நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவர் இடிக்கப்பட்டது 1910இல். சுவர் இடிந்த பிறகும் எங்கே உட்கார வேண்டும் என்பது எல்லோருடைய காலுக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் ஒரு தடவை தெரியாமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தபோது ஆச்சி கண்ணாலேயே கூப்பிட்டார். கேரல் கதையில் அந்தக் கண் வேண்டாம். பாட்டு, பெட்ரோமாக்ஸ், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா, அவர் தந்த ஆரஞ்சு மிட்டாய். போதும்.

8. பிள்ளைகளுக்குச் சொந்தமாக நினைவு சேர விடாதீர்கள்

இதை அலட்சியம் செய்தவர்கள் அதிகம். நீங்கள் உங்கள் கதையில் மும்முரமாக இருக்கும்போது, பக்கத்தில் சத்தமில்லாமல் அவர்கள் தங்களுக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். நம் மாவட்டத்தோடு சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டிலும் பள்ளிகள் மூடின, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லோரும் ஒரே அறையில் படுத்தீர்கள். நட்சத்திரம் வாங்கி வைத்திருந்தும் எரியவில்லை என்று பையன் அதற்குள் டார்ச்சை வைத்தான். சிவப்பு வெளிச்சம் கூரையில் விழுந்தது. மகள் இதைப் பள்ளிக்கூடக் கட்டுரையில் ‘மறக்க முடியாத கிறிஸ்துமஸ்’ என்ற தலைப்பில் எழுதியிருக்கிறாள்.

அவள் அதைப் படித்துக்காட்ட வந்தால் முதல் பத்தியிலேயே நிறுத்துங்கள். “இதெல்லாம் என்ன வெள்ளம்? எங்க காலத்துல...” என்று ஆரம்பியுங்கள். அன்றைக்கு ராத்திரி நீங்கள் எரிச்சலோடு பவர் பேங்க் தேடிக்கொண்டிருந்தீர்கள். கட்டுரையில் அந்த வரியும் இருக்கலாம். இன்னொரு நல்ல காரணம்.

9. பாட்டியை எங்கே உட்கார வைப்பது

உங்கள் அம்மா உங்களோடுதான் இருக்கிறார். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் சாட்சி. ஆகவே இடம் முக்கியம். டி.வி.க்கு அருகில், காது மந்தமாகக் கேட்கும் பக்கமாக உட்கார வையுங்கள். நீங்கள் பேசும்போது அடிக்கடி, “இல்லம்மா?” என்று கேளுங்கள். அவர் தலையாட்டுவார். சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம்.

மகள் கேட்பாள், அதுதான் பிரச்சினை. “பாட்டி, உங்களுக்கு எந்தக் கிறிஸ்துமஸ் ரொம்பப் பிடிக்கும்?”

அம்மா கொஞ்ச நேரம் யோசிப்பார். “எனக்கா? எனக்கு இருபத்தாறாந்தேதிதான் புடிக்கும்டி.”

“ஏன் பாட்டி?”

“எல்லாரும் போயிருவாங்கல்ல. உங்க தாத்தா ஃபேக்டரிக்கு. இவனுங்க வெளையாட. நானும் உங்க அத்தைப் பாட்டியும் ரசம் மட்டும் வெச்சு, வாசப்படியில உக்காந்து சாப்பிடுவோம். அவ ஒரு வருஷம் என்ன சொன்னா தெரியுமா...”

இங்கே உடனே செயல்படுங்கள். கையைத் தட்டி, “எல்லாரும் வாங்க, குரூப் போட்டோ” என்று கூப்பிடுங்கள். கேக்கை வெட்டுங்கள். அம்மா வாயில் ஒரு துண்டை ஊட்டுங்கள். வாய் நிறைந்திருக்கும்போது பேச வராது, படமும் நன்றாக விழும்.

பெரும்பாலும் இது பலிக்கும். பலிக்காமல், மகள் பாட்டியின் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளேயிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டால், கதவைத் தட்டுங்கள். என்ன சொல்வது என்று தோன்றாவிட்டால் சாப்பாடு ரெடியா என்று கேளுங்கள். மனைவி அடுப்படியில் இருக்கிறாரே, அவரிடம் கேட்டிருக்கலாமே என்று உள்ளேயிருந்து பதில் வரும். ஹாலுக்குத் திரும்பி வந்து, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூங்கில் பிளாச்சிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.